இரண்டாவது கேள்வி

கன்னிமார் கரட்டின் உச்சியில் ஒரு குடில் இருந்தது. அதில் குரு ஒருவர், சீடர் ஒருவர். குருவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்து இரண்டு. புதிதாக ஏறி வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துச் சீடரின் காலில் விழுந்துவிடுவார்கள். ஆள் மாறிவிட்டது தெரிந்ததும் அசடு வழிவார்கள். "உழுந்தது வீணாப் போவாதுங்க, எந்திரிங்க" என்று குருவே வந்து தூக்கிவிடுவார்.

இந்தக் குரு காவி கட்டுவதற்கு முன்னால் டவுன்பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு வாய்த்த இங்கிலீஷ் 'ஹோல்டான்', 'ரைட்' ஆகிய இரண்டே வார்த்தைகள். அதை வைத்துக்கொண்டு பதினாறு வருடம் ஊரையே ஏற்றி இறக்கியிருக்கிறார். சீடர் அர்த்தநாரியோ கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷில் அவருக்குத் தெரியாத வார்த்தை இல்லை என்று வக்கீல்களே சொல்வார்கள். அத்தனை வார்த்தை தெரிந்தும் பேச ஆள் இல்லாமல் போனவர் அவர்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு துணிப்பையும் ஒரு நோட்டுமாக அவர் கரடேறி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று குரு கேட்கவில்லை. காலையில் வாசல் கூட்டி முடித்ததும் அர்த்தநாரி தெற்குப் பாறையில் போய் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் அடிவாரத்து பஸ் நிறுத்தம் தெரியும். பஸ் வரும், நிற்கும், போகும். இறங்குகிறவர்கள் அவரவர் காட்டுப் பாதையில் பிரிந்து போய்விடுவார்கள். தன்னைத் தேடி யாராவது வந்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். யாருமே வரவில்லையே என்று அதைவிடப் பெரிய வருத்தம். இரண்டையும் ஒரே பாறையில் உட்கார்ந்து அனுபவித்தார்.

அன்றைக்குக் காலையில் ஒருவன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கரட்டைப் பார்த்து நடந்தான். பாதி வழியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அர்த்தநாரிக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. அர்த்தநாரி இத்தனை வருடம் குடியிருந்த வீட்டுக்காரர் ராக்கியண்ணனின் மருமகன் சின்னராசு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை மாமனார் வீட்டில் பார்த்த பழக்கம்.

"சின்ன மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான் அவன். "உங்களை எங்கெங்கயோ தேடியாச்சுங்க. கோர்ட்டுல ஒரு பியூன்தான் இந்தக் கரட்டைச் சொன்னாரு. கெளம்புங்க. பெரிய மாமனுக்கு முடியலை."

"என்ன பண்ணுது?"

"கஞ்சித்தண்ணி எறங்கி ரெண்டு நாளாச்சுங்க. டாக்டரு வீட்டுக்குக் கூட்டீட்டுப் போயிருங்கன்னுட்டாரு."

"நெனவு இருக்குதா?"

"அதெல்லாம் தெளிவா இருக்குதுங்க. கண்ணைத் தொறந்தா உங்களைத்தான் கேக்கறாரு. எனக்குக் கொள்ளி வெக்கறது என்ற பங்காளி அர்த்தநாரிதான், வேற ஒருத்தன் நெருப்பைத் தொடக்கூடாதுன்னு ஒரே புடியா நிக்கறாருங்க."

அர்த்தநாரி வேப்பமரத்து நிழலில் அவனை உட்கார வைத்து, பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தர்றேன்" என்றார்.

குரு தெற்கு வாசலில் படல் கட்டிக்கொண்டிருந்தார். ஆடு உள்ளே நுழையாமல் இருக்கக் குச்சியும் முள்ளுமாக வைத்துக் கட்டும் தட்டி அது. பழையது காற்றில் சாய்ந்துவிட்டது. வாயில் ஒரு பனைநாரைக் கடித்தபடி இன்னொரு நாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அர்த்தநாரி போய் நின்றார். மனிதர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதை மொழிபெயர்த்தவர். தன் பேச்சைத் தானே பேச வேண்டி வந்ததும் வேறு எதையோ கேட்டார்.

"சாமி, ஒரு வார்த்தையைப் பத்திக் கேக்கணும்."

"எந்த பாஷையில?"

"இங்கிலீஷ்ல."

"அப்ப ஹோல்டான்" என்றார் குரு. "ஆளு மாத்திக் கேக்கறீங்க."

அர்த்தநாரி சிரிக்கவில்லை. குரு வாயிலிருந்த நாரை எடுத்துக் கீழே வைத்தார்.

"செரி, சொல்லுங்கண்ணா."

குரு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால்காரரை மாமா என்பார், விறகு போடுகிறவளை அக்கா என்பார், பாம்பு பிடிக்க வந்தவனை மச்சான் என்றார். பஸ்ஸில் வந்த பழக்கம், காவி கட்டியும் போகவில்லை.

"கஸன்னு ஒரு வார்த்தை. பழைய வார்த்தை, இப்ப அவ்வளவாப் பொழக்கத்துல இல்லை. ஒருத்தரை ஏமாத்தறதுன்னு அர்த்தம்."

"நம்மகிட்டதான் அதுக்கு மூட்டை மூட்டையாக் கெடக்குதே. நாமம் போடறது, அல்வா குடுக்கறது, காதுல பூ சுத்தறது, தலையில மொளகா அரைக்கறது..."

"எல்லாத்தையும் எழுதி எழுதி அடிச்சுட்டனுங்க. என்ற நோட்டுல மத்த வார்த்தைக்கெல்லாம் நேரா தமிழ் இருக்குது. இதுக்கு நேரா மட்டும் வெறுமனே கெடக்குது. இருபத்தெட்டு வருசமா."

"ஏன், அதுல அப்படி என்ன இருக்குது?"

"அது பொறந்த விதம் அப்படிங்க. கசின்னு சொல்றமில்லீங்களா, சித்தப்பன் பையன், அத்தை பையன்..."

"அது எனக்கே தெரியும். பஸ்ஸுல பாதிப்பேரு இன்னொரு பாதிப்பேருக்குக் கசின்தான்."

"அதுல இருந்து வந்துதுதான் இதுன்னு சொல்றாங்க. அகராதிக்காரங்கள்ல சிலரு அது நிச்சயமில்லைம்பாங்க. ஆனாக் கதை இப்படி. அந்தக் காலத்துல வழிப்பயணம் போறவன் சத்திரத்துக்குப் போக மாட்டானாம். வழியில இருக்கற வீட்டுக் கதவைத் தட்டி, நான் உங்க கசின்னு சொல்லுவானாம். வீட்டுக்காரன் நம்பி உள்ள உட்டுச் சோறு போட்டுப் படுக்க எடம் குடுப்பான். விடிஞ்சதும் இவன் எந்திரிச்சுப் போயி, அடுத்த ஊர்ல அடுத்த வீட்டுக்காரனுக்குக் கசின் ஆயிருவான். ஒறவு சொல்லி ஏமாத்தறவன். அந்த ஒறவோட பேரே ஏமாத்தறதுக்குப் பேரா நின்னுருச்சு."

குரு ஒரு முள்ளை எடுத்துப் படலில் செருகினார்.

"விடிஞ்சதும் போயிருவானா?"

"போயிருவான்."

"போவாம அங்கயே இருந்துட்டவனுக்கு என்ன வார்த்தை?"

அர்த்தநாரி பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஊர்ப் பக்கங்களில் புது ஆளைக் கண்டால் முதலில் கேட்பது பேரை அல்ல, கோயிலை. உங்கள் குலசாமி எது என்பதுதான் கேள்வி. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பார்த்தே இராவிட்டாலும் அண்ணன் தம்பிகள். ஒருவர் வீட்டுச் சாவு மற்றவர் வீட்டுக்கும் தீட்டு. ஆண்பிள்ளை இல்லாதவர் செத்தால் பங்காளிதான் நெருப்பு எடுக்க வேண்டும். கோயில் பேரைச் சொல்லிவிட்டால் போதும், பாய் விரிப்பார்கள். சொல்லத் தெரியாதவனுக்கு வாசலோடு சரி.

"எனக்குக் கோயில் ஏதுங்க சாமி" என்றார் அர்த்தநாரி. "திருச்செங்கோட்டு மலைப்படியில பழந்துணியில சுத்திக் கெடந்தவன். எடுத்தவங்க அந்தச் சாமி பேரையே வெச்சு விடுதியில சேத்துட்டாங்க. முப்பத்து நாலு வயசுல இந்த ஊருக்கு மாத்தலாகி வந்தேன். குடியிருக்க வீடு தேடி அலைஞ்சேன். பதினோரு வீடு. பதினோரு வீட்லயும் எந்தக் கோயிலுங்கன்னு கேட்டாங்க. தெரியாதுங்கன்னேன். வீடு இப்பத்தான் வேற ஆளுக்குச் சொன்னோம்னாங்க."

"பன்னண்டாவது வீட்ல?"

"ராக்கியண்ணன் வீடு. பொண்டாட்டி செத்து, ஒரே பொண்ணைக் கட்டிக்குடுத்து, அவரு ஒத்தையில இருந்தாரு. அவரும் அதையேதான் கேட்டாரு. எந்தக் கோயிலுங்கன்னு. அவருக்குப் பின்னாடி சுவத்துல ஒரு காலண்டர் தொங்குச்சு. அதுல ஒரு அம்மன் படம். கீழ மூலக்காட்டுப் பொன்னாச்சியம்மன்னு போட்டிருந்துச்சு. வாய் கூசாம அதைப் படிச்சுச் சொல்லீட்டேன்."

"அவரு என்ன பண்ணுனாரு?"

"திரும்பிக் காலண்டரைப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. சித்த நேரம் ஒண்ணுமே பேசலை. எனக்கு உசுரே இல்லை. அப்பறம், அட, நம்ம கோயலு! பங்காளியை வாசல்ல நிக்க வெச்சுட்டனே, அப்படின்னு என்ற கையைப் புடிச்சு உள்ள கூட்டீட்டுப் போனாரு."

குரு தலையை ஆட்டினார். நாரை முறுக்கும் கை மட்டும் மெதுவானது.

"ஒரு வாரம் இருந்துட்டு வேற எடம் பாத்துக்கலாம்னுதான் நெனச்சேன். இருபத்தெட்டு வருசம் ஆயிப்போச்சு."

"அவருகிட்ட இருந்து என்ன எடுத்துக்கிட்டீங்க?"

"காசு பணம் ஒண்ணும் இல்லீங்க."

"அதைக் கேக்கலை."

அர்த்தநாரி யோசித்தார். பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"சாயங்காலம் கோர்ட்டு முடிஞ்சு வந்தா, வாசல்ல சேரைப் போட்டு ஒக்காந்திருப்பாரு. ஏம்ப்பா இன்னைக்கு நேரமாயிப்போச்சுன்னு கேப்பாரு. அதுக்கு முன்னாடி அப்படி என்னைய யாரும் கேட்டதில்லை. காய்ச்சல்ல கெடந்தப்ப இருவது நாளும் அவருதான் கஞ்சி காச்சி ஊத்துனாரு. அதையெல்லாம் எடுத்துக்கிட்டேன். பங்காளிக்குண்டானதைப் பங்காளி இல்லாதவன் எடுத்துக்கிட்டேன்."

"கோயலுக்குப் போனீங்களா?"

"மாசி மாசம் தவறாமக் கூட்டீட்டுப் போவாரு. நாங்க ரெண்டு பேரு மட்டும். மத்தப் பங்காளிக எவனும் சரியில்லை, சண்டைம்பாரு. மொதல் வருசம் போனப்ப எனக்குக் கால் கை ஒதறுது, பூசாரி எதையாச்சும் கேட்டுப்போடுவானோன்னு. அவருக்கும் வேர்த்து ஊத்துச்சு. அன்னைக்கு நல்ல வெயிலு. வழிகூட மறந்துட்டு ஒரு பெட்டிக்கடையில கேட்டாரு. ரோட்டை மாத்திட்டாங்கப்பான்னு சொன்னாரு."

"ம்."

"ஒரு மூலையில நின்னு கும்புடுவோம். தோப்புல ஒக்காந்து கட்டுச்சோறு திம்போம். திரும்பி வந்துருவோம். அவரு சாமியைப் பத்திப் பேசமாட்டாரு. நானும் பேச்சை அந்தப் பக்கம் போக உடமாட்டேன். ஒரு வார்த்தை தப்பினா மாட்டிக்குவேன்னு பயம். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறேன்னு ரெண்டு தடவை சொன்னாரு. வேண்டாம்னுட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க வேரைத் தோண்டுவாங்களே. இப்படிப் பயந்து பயந்தே தலை நரைச்சுப்போச்சு சாமி. அந்த வீட்ல ஒரு நாள்கூட நெஞ்சு நெறையாச் சிரிச்சதில்லை. அந்த வீட்டை உட்டா எனக்கு வேற வீடும் இல்லை."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"போன ஆடியில அவருக்கு இருமல் கண்டுது. ஒரு நாள் சொன்னாரு, எனக்குக் கொள்ளி நீதாம்ப்பான்னு. அந்த வாரமே யாத்திரை போறேன்னு சொல்லீட்டு இங்க ஓடியாந்துட்டேன். போயிட்டு வா, நான் இருக்கேன்னாரு. எட்டு மாசமா அந்த மனுசன் ஒத்தையில ஒக்காந்து வாசலைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போகலை."

"இப்ப ஆளு வந்திருக்குது."

"வந்திருக்குதுங்க. சொல்லாமப் போயி நெருப்பெடுத்தா, நெருப்புக்கு முன்னாடி நின்னு பொய் சொன்னாப்பல. உண்மையைச் சொன்னா, சாகக் கெடக்கற மனுசன் நெஞ்சுல கல்லைத் தூக்கிப் போட்டாப்பல. போவாம இருந்தா நானெல்லாம் மனுசனே இல்லை. எப்படிப் பாத்தாலும் அந்த இங்கிலீஷ் வார்த்தை நான்தான் சாமி. என்ன செய்யட்டும், சொல்லுங்க."

குரு முறுக்கிய நாரைப் படலின் குறுக்குக் குச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார்.

"அண்ணா, பஸ்ஸுல நான் பதினாறு வருசம் நின்னவன். பக்கத்துப் பக்கத்து சீட்டுல ஒக்காந்த ரெண்டு பேரு ஒரே கோயலுன்னு தெரிஞ்சுட்டா என்ன ஆவும் தெரியுமா?"

"என்னங்க?"

"எறங்கற ஸ்டாப்பு போயிரும். அப்படிப் பேசுவாங்க. நீங்க எந்த ஊரு, யாரு பையன், உங்க தாத்தன் பேரென்ன, மேக்கால வீடா கெழக்கால வீடா. நான் விசில் ஊதி ஊதிச் சலிச்சுப்போவேன். கோயலு கேக்கறது மொதக் கேள்விதான். அதோட நிறுத்துன ஆளை நான் பாத்ததில்லை."

அர்த்தநாரி நிமிர்ந்தார்.

"ராக்கியண்ணன் உங்களை ரெண்டாவதா என்ன கேட்டாரு?"

கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகள் கேள்வி புரியாமல் விழித்ததை அர்த்தநாரி பார்த்திருக்கிறார். இப்போது அவரே அப்படி விழித்தார். அந்த வாசல் ஞாபகத்துக்கு வந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன கை ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே போனதும் அவர் கேட்ட கேள்வியும் வந்தது.

"சாப்பிட்டயாப்பான்னு கேட்டாரு."

"மூணாவதா?"

"தட்டை எடுத்து வெச்சுட்டு, சோறு ஆறிப்போச்சு பரவால்லையான்னு கேட்டாரு."

"யாரு பையன்னு?"

"கேக்கலை."

"மறுநாளு?"

"கேக்கலை."

"இருபத்தெட்டு வருசத்துல?"

அர்த்தநாரி இல்லை என்று தலையை ஆட்டினார். இத்தனை வருடமாக அந்தக் கேள்வி வராமல் இருந்ததைத் தன் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தார்.

குரு எழுந்து வேட்டியில் ஒட்டிய முள்ளைத் தட்டிவிட்டார். வேப்பமரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்ளே, சித்த இங்க வாங்க."

சின்னராசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான்.

"உங்க மாமனாருக்கு ஒரு வெளக்கு ஏத்தலாம்னு இருக்கறேன். அவரோட கொலசாமி பேரைச் சொல்லுங்க."

"கருப்பராயனுங்க" என்றான் சின்னராசு. "ஆலாம்பாறைக் கருப்பராயன்."

அர்த்தநாரி அவனையே பார்த்தார்.

"பொன்னாச்சியம்மன் இல்லீங்களா?" என்று குரு கேட்டார்.

"அட, அந்த ஆயாளா!" சின்னராசு தலையைச் சொறிந்தான். "அது என்னன்னு எங்க யாருக்கும் புடிபடலீங்க. அவிய வகையறாவுல அந்தக் கோயலுக்கு எவனும் போனதில்லை. எப்பவோ ஒரு வருசம் ரைஸ்மில்காரரு குடுத்த காலண்டருங்க அது. மில்காரரு தன்ற சாமி படத்தைப் போட்டு ஊருக்கே குடுத்தாரு. வருசம் முடிஞ்சு தேதித்தாளெல்லாம் போயும், மாமன் அந்த அட்டையை மட்டும் கழட்ட உடலை. அந்த ஆணியில வேற ஒண்ணை மாட்டப் போனாக் கோவிச்சுக்குவாரு. மாசி ஆச்சுன்னா சின்ன மாமனைக் கூட்டீட்டு அந்தக் கோயலுக்குப் போயிருவாரு. சொந்தக் கோயல் பொங்கலும் அதே நாளுதானுங்க. கருப்பராயன்கிட்டப் போயி அவரு பொங்க வெச்சு இருபத்தெட்டு வருசமாச்சு. அதுலதான் பங்காளிகளுக்கும் அவருக்கும் மனத்தாங்கல்."

"நீங்க கேட்டதில்லையா?"

"ஒரு தடவை கேட்டனுங்க. சின்ன மாமன் எந்த வகையில நமக்குப் பங்காளின்னு. உனக்குத் தெரியாத வகையில மாப்ளேன்னுட்டு, வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாரு. அதுக்கு மேல கேக்க முடியுங்களா?"

கரட்டில் காற்று இல்லை. அர்த்தநாரிக்குப் பெட்டிக்கடையில் வழி கேட்டு நின்ற மனிதர் தெரிந்தார். பூசாரி பக்கத்தில் வந்தபோது அவர் நெற்றியில் துளிர்த்த வேர்வை தெரிந்தது. வெயிலாம். தனக்கு ஒருவன் வேண்டும் என்பதற்காகத் தன் சாமியை விட்டுவிட்டு, காலண்டர் சாமியைத் தேடிக்கொண்டு, ஒரு பொய்க்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். தன்னைப் போலவே அவரும் இருபத்தெட்டு வருடம் பயந்திருக்கிறார், எங்கே இவன் மாட்டிக்கொள்வானோ என்று. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் அவ்வளவு தனியாக.

அர்த்தநாரி அழுதார். சின்னராசு பதறிப்போய்த் தோளைப் பிடித்தான். பெரிய மாமன் போகப்போவதை நினைத்து அழுகிறார் என்று நினைத்தான்.

"அழுவாதீங்க சின்ன மாமா. போனா முகத்துல முழிச்சரலாம். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிப்போடறேன். ஆலாம்பாறைப் பங்காளிக பத்துப் பேரு நேத்தே வந்து வாசல்ல ஒக்காந்துட்டாங்க. நாங்க இருக்கறப்ப எவனோ வந்து கொள்ளி வெக்கறதா, அவன் யாரு, எந்த ஊரு, யாரு மகன்னு கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. மாமன் காதுலயே போட்டுக்கலை. நீங்கதான் தைரியமா நிக்கணும்."

"நீங்க முன்னால போயி பஸ்ஸுக்கு நில்லுங்க மாப்ளே" என்றார் குரு. சின்னராசு இறங்கிப் போனான்.

குரு குடிலுக்குள் போய் அகல் விளக்கை எடுத்துவந்து பாறையின் மறைவில் வைத்துத் திரியைத் தூண்டினார். கருப்பராயா என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொன்னாச்சியம்மாவையும் கூப்பிட்டார். பிறகு அர்த்தநாரியின் துணிப்பையை எடுத்துவந்து கையில் கொடுத்தார். உள்ளே நோட்டு கிடந்தது.

அர்த்தநாரி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். வார்த்தைக்கு எதிரே வெற்றிடம் அப்படியே இருந்தது.

"கதவைத் தட்டினவனுக்கு இங்கிலீஷ்காரன் பேரு வெச்சுட்டான். இவரு பண்ணுனதுக்கு எந்த பாஷையில என்ன பேருங்க சாமி?"

"வார்த்தையை அப்பறம் தேடிக்கலாம்" என்றார் குரு. "பஸ்ஸு பத்தே முக்காலுக்கு. அதை உட்டா ரெண்டரைக்குத்தான்."

அர்த்தநாரி எழுந்தார். படல்வரை நடந்தார். குரு ஒரு கையால் படலைத் தூக்கிப் பிடித்து வழி விட்டார். அதைத் தாண்டக் கால் வராமல் அர்த்தநாரி நின்றார்.

"சாமி, எனக்கு இப்ப அவரும் பங்காளி இல்லை, அவரு கோயலும் இல்லை. பொய்யும் போச்சு. அங்க போயி நான் யாருன்னு நிப்பேன்?"

"நீங்க யாருன்னு கேக்கறதுக்கு அந்த வாசல்ல பத்துப் பேரு இருக்கறாங்கண்ணா" என்றார் குரு. "கேக்காத மனுசன் ஒருத்தருதான் இருக்கறாரு. அவரு இருக்கறப்பவே போயிச் சேருங்க."